குசினி வாசலில் தொடங்கிய குரல்

தெரணியகலைக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைப் போர்க்கால அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவ அதிகாரிகள் தங்கிய வீடு அது. பார்க்க வருகிறவர்களுக்குக் கைபேசியில் வழிகாட்டி தயாரிப்பது என் வேலை. ஒவ்வோர் அறையிலும் கால் வைத்ததும் அந்த அறையின் படங்களும் குரலும் தானாகத் தொடங்கும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் குரல் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். தமிழுக்கு நானே.

பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பேசினேன். மழை பிடித்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நாட்களில், "தே பிவ்வாத மல்லி?" என்று, தேநீர் குடித்தாயா தம்பி எனக் காவல்கார ஐயா சிங்களத்தில் விசாரிப்பதைத் தவிர வேறு மனிதக் குரல் என் காதில் விழாது.

அருங்காட்சியகம் திறந்த பிறகும் தமிழில் கேட்க யாரும் வரவில்லை. அம்மாவாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. அம்மா பலாங்கொடைப் பக்கம் கொழுந்து பறிப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். மகனுக்கு என்ன வேலை என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்பார்.

ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து கோயில் சேலையோடே பஸ் மாறி வந்தார். கேட்டிலேயே கைபேசியைக் கொடுத்து, இயர்போனைக் காதில் மாட்டிவிட்டேன். "நீங்க மெதுவா வாங்கம்மா. நான் முன்னாடி போய் கதவத் தொறக்குறேன்."

முன்படியில் நின்றேன். அம்மா வரவில்லை. காவல்கார ஐயா வந்து சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார்: "மல்லி, உன் அம்மா குசினியில்."

பங்களாவின் பின்பக்கச் சமையலறைக்கு ஓடினேன். செருப்பைக் குசினிப் படியில் கழற்றி வைத்துவிட்டு, அம்மா காதிலிருந்து இயர்போனை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, வந்ததும் போகச் சொல்லுது?"

குசினி கடைசி அறை. 'உங்கள் வருகைக்கு நன்றி' என்று நான் பேசி வைத்திருந்தது அங்கேதான். எல்லாரும் முன்வாசலால் வருவார்கள் என்று நினைத்துச் செய்த வழிகாட்டி. செய்தவன் லயத்தில் பிறந்தவன்.

"முன்பக்கமா வாங்கம்மா."

"பங்களாவுக்கா? அந்தப் படியில நாங்க ஏறுனதில்ல. இப்படியே போவோம்."

பின்னாலிருந்து முன்னால் போனோம். போர் முடிந்த அறை முதலில், தொடங்கிய அறை பிறகு. போருக்காக ரப்பர் மரங்களை அளவு மீறிப் பால் வெட்டிய படத்தின் முன் அம்மா வெகுநேரம் நின்றார். முன்கூடத்தில் என் குரல் வரவேற்றது. வாசலைத் தாண்டாமல் அதை முழுவதும் கேட்டார்.

"வீட்டுக்கு வந்தா நாலு வார்த்த பேச மாட்டேங்கிற. இதுக்குள்ள இம்புட்டுப் பேசி வச்சிருக்கியே."

செருப்புக்காக அம்மா மறுபடி குசினிக்கே நடந்தார்.

மறுநாள் குசினி வாசலுக்கு ஒரு தொடக்கம் பதிவு செய்தேன். 'வாங்க, இந்தப் பக்கமாவும் வரலாம்.' அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதி வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்கு அழைத்தேன்.

"என்னப்பா, மேலுக்கு முடியலியா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா?"

குசினி வாசலுக்குப் பேசி வைத்ததைச் சொல்லத் தொடங்கினேன். அங்கே தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. இங்கேயும் பிடித்துக்கொண்டது. இந்த முறை நான் பேச்சை நிறுத்தவில்லை.