பொண்ணு நான்தான்

எனக்கு நாற்பத்திமூன்று வயதில் பெண் பார்க்க வந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். பொழிச்சலூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. என் சாப்பாட்டை நானே சம்பாதித்தேன், யாருக்கும் பாரமில்லை. ஆனாலும் அண்ணன் தரகரை விடவில்லை.

மாப்பிள்ளை படப்பைக்காரர். நிலம் உள்ள குடும்பம். மனைவி இறந்துவிட்டாள். தன் அக்காவோடு வந்திருந்தார். அண்ணி எனக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். இந்த வயதில் இது எதற்கு என்று எரிச்சல். அப்புறம் ஏன் கண்ணாடியை மறுபடி மறுபடி பார்த்தேன்? தெரியாது.

காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். அவருடைய அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு, "இன்னாம்மா, நீங்களே தூக்கினு வரீங்க? பொண்ண வரச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"பொண்ணு நான்தான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன்.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

உட்கார்ந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சமைப்பாளா என்று அண்ணியைக் கேட்டார்கள். வேலையை விடுவாளா என்று அண்ணனைக் கேட்டார்கள். "அதெல்லாம் விட்டுடுவா" என்றார் அண்ணன்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. மாப்பிள்ளையிடமே கேட்டேன். "எதுக்குங்க இப்போ கல்யாணம்?"

அந்த நேரம் பார்த்து விமானம். எங்கள் பக்கம் தலையை உரசுகிற மாதிரி இறங்கும். போகும்வரை பேச்சை நிறுத்திவைப்போம். அவரும் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். நல்லதாக ஒரு பதிலை யோசித்துக்கொள்ள நேரம் இருந்தது. யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா படுத்த படுக்கைங்க. பாத்துக்க வீட்ல பொம்பள ஆள் இல்ல."

"அதுக்கு ஒரு ஆயா வையுங்க."

அக்காக்காரி எழுந்துவிட்டாள். "இந்த வயசுல இவ்ளோ வாயா? எழுந்து வாடா."

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அவர்கள் போனதும் அண்ணன் கத்தினார். "ஒரே ஒரு காரணம் சொல்லு. குடிக்கிறானா? சொத்து இல்லையா?"

"தெரியல. வேணாம்."

"தெரியாம எப்படி வேணாம்னு சொல்லுவ?"

நியாயமான கேள்வி. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தவள் நான். ட்ரெயின் லேட், மழை, ஓவர்டைம். அன்று ஒன்றுகூட அகப்படவில்லை. அந்த ஆள் திரும்பி வந்து இன்னொரு தடவை சிரித்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

"வேணாம்ண்ணா" என்றேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னொரு முறையும் சொன்னேன்.