பின்னால் இடமில்லை என்பார் சித்தப்பா

தேன்கனிக்கோட்டை பஸ் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். சித்தப்பா சாலையோரம் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடியே உயிர் விட்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது கண்டக்டர் மெல்லக் கேட்டார்: "பின்னாடி உக்காந்திருந்த அம்மா ஊடு வந்து சேந்துட்டாங்களா?"

"எந்த அம்மா? என் தம்பி பொண்டாட்டி செத்து ஒரு வருசம் ஆவுதுப்பா."

"அப்ப வேற வண்டியப் பாத்திருப்பன்," என்று அவர் போய்விட்டார். அவர் பார்த்தது வேறு வண்டியில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

கெலமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சித்தப்பாவை அறியாதவர் இல்லை. அம்மை ஊசி குத்துவது அவர் வேலை; வருகிறார் என்றால் பிள்ளைகள் சோளக்காட்டில் ஒளிவார்கள். அவர் துரத்தமாட்டார். வரப்பில் உட்கார்ந்து, "என்னைத் திட்டிக்கிட்டே குத்திக்குங்க, வலி தெரியாது," என்பார். தெலுங்கில் திட்டினால் தெலுங்கிலேயே பதிலுக்குத் திட்டுவார். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

பட்டாளத்து ஏலத்தில் வாங்கிய அவருடைய மோட்டார் சைக்கிளில் ஒருவர் உட்காரும் சீட்டுதான் இருந்தது. "என்னை எப்பதான் ஏத்திக்கிட்டுப் போவீங்க?" என்று சித்தி தினமும் கேட்பாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். செத்தவர் படுக்கை தீட்டு என்ற வழக்கப்படி அவள் படுத்திருந்த மெத்தையை ஊர் எல்லையில் போட்டுவிட்டு வந்தார்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் சித்தப்பா கொல்லையில் புது சீட்டு செய்ய உட்கார்ந்தார். இருவர் உட்காரும் நீளத்துக்குப் பலகையை அறுத்து, இலவம்பஞ்சைப் பரப்பினார். நான் அமுக்கிப் பிடிக்க, அவர் ரெக்சினை இழுத்து இழுத்து ஆணி அடித்தார். பஞ்சில் கஷாய வாடை அடித்தது. நீண்ட முடி ஒன்று என் விரலில் சுற்றிக்கொண்டது. நான் அவரைப் பார்த்தேன்.

"எல்லையில அனாதையா கெடந்துச்சி. மனசு கேக்கல. உங்கப்பன்கிட்ட சொல்லிப்புடாத கண்ணு."

"பயமா இல்லியா சித்தப்பா?"

"அவளுக்கா? என்னாத்துக்கு?"

அதன்பிறகு அவர் யாரையும் பின்னால் ஏற்றவில்லை. ஒருமுறை எங்கள் வாத்தியார் வழியில் கைகாட்டினார்.

"எடமில்லீங்க சார்."

"இவ்ளோ நீளம் சும்மாதானே கெடக்குது? ராகி மூட்டையா ஏத்தப்போற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் ஏற்றிக்கொள்ளவில்லை.

அவர் இறந்தபின் அவருடைய துணிமணி, பாய் எல்லாம் எல்லைக்குப் போய்விட்டன. இரும்புக்குத் தீட்டில்லை என்று வண்டியை மட்டும் அப்பா வைத்துக்கொண்டார். நாளை விடிந்ததும் அதில் ஓசூர் சந்தைக்குப் போகிறார். "நீயும் வா, பின்னாடி மெத்துன்னு இருக்குது," என்று அம்மாவை அழைத்திருக்கிறார். இன்று மாலை அம்மா உட்கார்ந்து பார்த்தாள். உடனே இறங்கிவிட்டாள். "யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி சூடா இருக்குதுங்க."

"வெயிலுடி," என்றார் அப்பா. வண்டி காலையிலிருந்து கொட்டகைக்குள்தான் நின்றது.

அதனால்தான் எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன். சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதை நினைத்தால் அழுகையாக வருகிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். வண்டியைக் கிளப்பிய பிறகும், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு பெண் சேலையை ஒதுக்கிச் சரியாக உட்காரும் அளவு நேரம் பொறுத்திருப்பார். இன்னொருவருக்காக அப்படிக் காத்திருந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தத் தாளை அப்பாவின் செருப்புக்குள் வைக்கிறேன். அப்பா, அம்மாவை ஏற்றாதீர்கள். சீட்டைக் கழற்றிச் சித்தப்பாவின் குழிமேட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இப்போது காத்திருப்பவள் சித்தி.