படத்தின் ஓரத்தில் ஒரு நீலப்பெட்டி

பத்திரிகைக்கார நதானியேலை யாழ்ப்பாணத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேர் திட்டியாவது அறிவார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் மகன். காகிதம் வராத யுத்த காலத்தில், கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சான பத்திரிகைக்குப் பிழை திருத்தத் தொடங்கியவர், இன்று சொந்தமாக ஒரு வாரப்பத்திரிகை நடத்துகிறார். வாசலுக்கு வந்த மிரட்டல்களுக்குக் கணக்கில்லை. ஆனால் தகவல் தந்தவரின் பெயரை ஒரு துண்டுத் தாளில்கூட எழுதியதில்லை. கேட்டால் தலையைத் தட்டிக் காட்டுவார். அதில் மனுசனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

குருநகர் மீன் வியாபாரி அலோசியஸ், கொடிகாமத்துக்கு அப்பால் பனங்காணியில் களவாக மணல் அள்ளுகிறார்கள் என்று நதானியேலிடம் சொன்னதோடு நிற்கவில்லை. தன் மோட்டார் சைக்கிளிலேயே அவரை ஏற்றிக்கொண்டுபோய்க் குழியைக் காட்டினான். நதானியேல் படம் எடுத்தார்.

பத்திரிகைக்குப் பக்கம் அமைக்கிற அவர் மனைவி பியாட்றிஸ், "உந்தப் படத்தின்ரை ஓரத்தை வெட்டிவிடட்டே?" என்று கேட்டாள்.

"வேண்டாம். வெட்டினால் குழியின்ரை அளவு தெரியாது."

வெள்ளிக்கிழமை பத்திரிகை கடைகளுக்குப் போய்விட்டது. சனி காலையில்தான் அதை ஆற அமர விரிப்பது அவர் வழக்கம். விரித்தவரின் தேத்தண்ணி அப்படியே ஆறியது. படத்தின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம். அதில் நீல மீன்பெட்டி. பெட்டியில் வெள்ளை எழுத்தில் 'அந்தோனியார் துணை'. அலோசியஸ் மீன் விற்கப் போகிற கொடிகாமத்தில் அந்தப் பெட்டியைத் தெரியாத வீடில்லை. எழுதாத பெயரைப் படம்பிடித்துப் போட்டுவிட்டோமே என்று போனை எடுத்தார்.

அலோசியஸின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் பறந்தார்.

அவன் மனைவி லூர்த்தம்மா சிரித்தபடி வெளியே வந்தாள். கையில் பத்திரிகை.

"ஐயா, இவரின்ரை பெட்டி பேப்பரிலை வந்திருக்கு. தெரு முழுக்கக் காட்டிப்போட்டன்."

"அலோசியஸ் எங்கை பிள்ளை?"

"விடியவே போயிட்டார். நேற்று ரெண்டுபேர் தேடி வந்தவை. நல்ல மரியாதையாக் கதைச்சவை. ஏதோ விசேஷமாம், பெட்டி மீன் முழுக்கத் தங்களுக்கு வேணுமாம்."

"எவ்விடத்துக்குக் கொண்டுவரச் சொன்னவை?"

லூர்த்தம்மா படத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"உந்தக் குழிக்குப் பக்கத்துக்கு. வழி தெரியுமோ எண்டு கேட்டவை. இவர், ஓம், போன கிழமையும் ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனனான் எண்டு சொன்னவர்."

நதானியேல் மறுபடியும் போனை எடுத்தார். இம்முறை மணியே அடிக்கவில்லை.