ஹயாத்தும்மா ராத்தாவின் பால்

ஹயாத்தும்மா ராத்தா பாலில் தண்ணீர் கலக்கவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உண்மையை மறைத்தேன்!

பாலமுனையில் பால் சேகரிக்கும் நிலையமொன்றில் பாலைச் சோதித்து வாங்குகிறவன் நான். ராத்தா என்று, அக்கா முறை வைத்து நான் கூப்பிடும் அவர் கணவரை இழந்தவர். அவருக்கிருந்தது ஒரேயொரு கறவை மாடு. அதற்கு வைக்கோலைக் குறைத்துத் தவிடும் அரிசிக் குறுணலும் மூட்டைத் தீனும் அள்ளிப்போடச் சொன்னவனும் நானே. “வைக்கோலுல என்ன ராத்தா இருக்கு? தீனப் போடுங்க, பால் கொட்டும்” என்று பெரிய மாட்டு வைத்தியன்போல அளந்தேன்.

பால் கொட்டத்தான் செய்தது. ஆறு போத்தல் கறந்த மாடு ஒன்பது கறந்தது. ஆனால் நார் குறைந்த தீனில் மாட்டின் வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு விழுந்துவிடும். இதைப் பயிற்சியில் படித்தவன் நான். கூடுதல் பால் வந்தால் நிலையத்தில் என் பெயர் ஓங்கும் என்ற ஆசையில் ராத்தாவிடம் சொல்லாமல் விட்டேன்.

ஒருநாள் காலை, வரிசையில் எல்லோரும் பார்த்து நிற்க, கொழுப்புப் பார்க்கும் மெசின் ராத்தாவின் பாலுக்கு வழக்கத்தில் பாதியளவுதான் காட்டியது. பின்னால் நின்ற ஒருவர் “தண்ணி!” என்றார்.

நீங்களே சொல்லுங்கள்... தண்ணீர் கலந்த பாலில் பால்மானி வழக்கத்தைவிட ஆழமாக அமிழும். அன்று அது அப்படி அமிழவில்லை. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“வல்லாஹி, ஒரு சொட்டுத் தண்ணியும் விடல்ல. தம்பி, நீங்க சொல்லுங்களன்” என்றார் ராத்தா.

“மெசின் பொய் சொல்லாது ராத்தா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் புத்திமதி பிழைத்துவிட்டதென்று ஊர் சிரிக்குமே! அவ்வளவுதான் காரணம். சீ!

‘தண்ணிப்பால் ஹயாத்தும்மா’ என்று ஊர் பெயர் வைத்தது. பள்ளிவாசல் கந்தூரிச் சமையலுக்கு அவர் கொடுத்த பாலைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். மனம் விட்டுப்போய், மாட்டைச் சாகாமம் ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அங்கே புல்லும் வைக்கோலும் தின்று, அதே மாட்டின் பாலில் கொழுப்பு ஏறியது. எங்கள் நிலையத்துக்கு லொறியில் தனிக் கேனில் வந்த அந்தப் பாலைச் சோதித்தவனும் நான்தான். அப்போதும் பேசவில்லை.

சென்ற வருடம் மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்படுமுன், எங்கள் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டேன். எல்லோரிடமும் சொன்னதையே ராத்தாவிடமும் சொன்னேன்: “தெரிஞ்சோ தெரியாமலோ பிழை செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க.”

“நீங்க எனக்கு என்ன பிழை செஞ்ச தம்பி? கஃபாவுக்கு முன்னால எனக்கொரு துஆக் கேளுங்க. நான் தண்ணி விடல்ல எண்டத அல்லாஹ் இந்த ஊருக்குக் காட்டிக் குடுக்கணும்.”

கேட்டேன்! கையேந்தி, அழுது கேட்டேன்... நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியத்தை, அல்லாஹ்விடம் கேட்டேன்.

திரும்பி வந்து பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்ட துஆவக் கேட்டீங்களா?” என்றார்.

“ஓம் ராத்தா, கேட்டன்” என்றேன்.

அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.