ரெண்டு நிமிஷக்காரர்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. நாற்பது வருஷமாக ஊரில் யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை. டர்போ ரிப்பேர் பார்க்கிற அவரை எல்லோரும் கூப்பிட்டது 'ரெண்டு நிமிஷக்காரர்' என்றுதான். வண்டியை விட வருகிறவர், எடுக்க வருகிறவர், சும்மா வழி கேட்க நிறுத்தியவர் என்று யாராக இருந்தாலும் அந்த உபதேசத்தைக் கேட்காமல் அவர் பட்டறையை விட்டு நகர முடியாது.

"ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். நிறுத்துறதுக்கு முன்னால ரெண்டு நிமிஷம் ஆறட்டும். அவ்வளவுதான் நான் கேக்கறது. உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற சக்கரம். இன்ஜின் கக்கும் புகையின் வேகத்தில் அது நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம், அவ்வளவுதான். குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்த ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். அது ஏறி வருவதற்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தண்டு வறண்டு தேயும். வந்து நிறுத்தும்போது கதை தலைகீழ். டர்போ கொதித்துக் கிடக்கும். சட்டென்று சாவியைத் திருகினால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கியது அந்தச் சூட்டிலேயே கருகிக் கரியாகும். அப்படிக் கரி பிடித்த தண்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். சந்தேகப்பட்டவர்கள் கையில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயத்துக்கும் அவர் பேர் போனவர். இன்ஜின் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு சொல்லிடுங்களேன், வித்துத் தொலைச்சிடறேன்" என்று எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். வாங்க வந்தவர் காதுபடவே, "ஒரு மாசம் தாங்காது" என்று சொல்லி அனுப்புவார். "உங்க வாய்க்கு ஒரு பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நாம மாடி வீடு கட்டியிருக்கலாம்" என்று அவர் மனைவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது.

இப்போது பட்டறையைப் பூட்டிவிட்டு, மகள் வீட்டு முன்னறை சோபாவில் படுத்துக் கிடக்கிறார். பனி கொட்டுகிற அந்த ஊரில், மாப்பிள்ளை உறைபனி படிந்த வாசற்படியில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. எழுபத்தொரு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். செய்தி கேட்டு அன்றே கிளம்பி வந்தவர்தான். வந்தும் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போவார். மாப்பிள்ளையின் கட்டிலருகே நின்று, அந்த மெஷின்கள் போடும் சத்தத்தைக் கேட்பார். எந்தச் சத்தம் சரி, எது தப்பு என்று பிடிபடாது. எந்த வண்டியையும் காதால் கேட்டே நோயைச் சொல்கிற மனிதர் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பாப்போம்" என்பார். அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். இவரே எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கோளாறு எங்கே என்று தெரியாதபோது மெக்கானிக் சொல்கிற சொல் அது.

மாப்பிள்ளைக்கும் அவருக்கும் இருந்த ஒரே தகராறும் இந்த டர்போதான். மாப்பிள்ளை பதினோரு வருஷப் பழைய டீசல் காரை மேட்டில் விரட்டி ஏற்றிக்கொண்டு வந்து, நின்ற நிமிஷமே அணைத்துவிடுவார். இவர் பல்லைக் கடிப்பார். "என்ன மாமா, இதுக்குத் தாலாட்டுப் பாடணுமா? சாவியைத் திருப்பினா தூங்கிடும். சமத்து வண்டி" என்று மாப்பிள்ளை சிரிப்பார். அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு அந்த மனுஷன் எழுந்து வந்து பத்து டர்போவை நாசம் பண்ணினாலும் இவர் வாயைத் திறக்க மாட்டார்.

மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அவரை அரித்தது மகள். எழுபத்தொரு நாளில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அவர் பார்த்ததில்லை. காலையில் வேலைக்குப் போகிறாள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. ஐந்தரைக்கு வீடு. "எப்படிம்மா இருக்கே?" என்றால், "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" சின்ன வயசிலேயே அவள் அழுத்தக்காரி. ஆனால் இது வேறு. அழுதுவிட்டால் தேவலை, இல்லாவிட்டால் இவள் ஒரு நாள் அப்படியே உடைந்துபோவாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது. பயந்தாரே தவிர, அழு என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதெல்லாம் அவர் மனைவியின் இலாகா.

ஆகவே அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். விடியற்காலையில் எழுந்து, இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவார். காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி எடுப்பார். மகள் வரும்போது உள்ளே கதகதப்பாக இருக்கும். ஒவ்வொரு நாளும் தவறாமல் சொல்லுவார்:

"பாத்துப் போம்மா. முதல் அஞ்சு கிலோமீட்டர் மெதுவா போ. திரும்பி வரும்போது அந்த மேடு ஏறித்தானே வர்றே? டர்போ கொதிக்கும். வந்ததும் அணைச்சிடாதே. ரெண்டு நிமிஷம்..."

"ஆறட்டும். தெரியும்ப்பா."

முதலில் சில நாள் அவள் எரிச்சலோடு தலையாட்டினாள். அப்புறம் ஒரு நாள் அவளாகவே, "நீங்க சொன்ன மாதிரியே செய்யறேன்ப்பா" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருஷ உபதேசத்தில் ஒருத்தி, அதுவும் பெற்ற மகள், கேட்டிருக்கிறாள்! இந்த வீட்டில் தன்னால் ஒரு பிரயோஜனம் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. சாயங்காலம் அவள் திரும்புகிற நேரத்தில் அவர் அடுக்களையில் அவளுக்குச் சாப்பாடு சூடு பண்ணிக்கொண்டிருப்பார். புகைபோக்கி ஃபேன் போடும் இரைச்சலில் தெருச் சத்தம் எதுவும் காதில் விழாது. அதனால் அவள் வருவதும் தெரியாது, நிறுத்துவதும் தெரியாது. கதவு திறந்தால் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குப்பை போடப் போனபோது கீழ்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். புகார் சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல கஷ்டம்னு தெரியும். ஆனா உங்க பொண்ணு தினமும் சாயங்காலம் எங்க ஜன்னலுக்குக் கீழ வண்டியை ஓடவிட்டுட்டு உள்ளேயே உக்காந்திருக்காங்க. கால் மணி நேரம். சில நாள் இருபது நிமிஷம்கூட ஆகுது. புகை பூரா உள்ள வருது."

"கால் மணி நேரமா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாவி மகள், இரண்டு நிமிஷம் என்றால் இருபது நிமிஷமாக ஆக்கிவிட்டாளே! வெறுமனே ஓடினால் டீசல் சரியாக எரியாது, உள்ளே புகைக்கரி அப்பும். அதுவும் கெடுதல்தான். வண்டி மேல் இருக்கிற அக்கறையில் அளவு தெரியாமல் செய்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார். உலகத்தில் வேறு எந்த அப்பனும் அப்படி முடிவு கட்டியிருக்க மாட்டான். ஆனால் அவர் டர்போக்காரர். அவருக்கு அப்படித்தான் தோன்றும். கீழ்வீட்டுக்காரரிடம், "நான் சொல்லிப் புரிய வைக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் ஃபேனைப் போடவில்லை. ஐந்தரைக்கு மேட்டில் கார் ஏறி வருவது கேட்டது. டர்போவின் சன்ன விசில், கியர் மாற்றம், வேகம் குறைவது எல்லாம் சரியாக இருந்தது. வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பத்தாவது நிமிஷத்தில் பொறுக்க முடியாமல், வீட்டுச் செருப்போடு படி இறங்கினார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'அம்மா, எதுவும் அளவோட இருக்கணும். ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்...'

கார்க் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடுத்த சீட்டின் கதவைத் திறந்தார்.

மகள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கழுத்துத் துண்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்திருந்தாள். அப்படியும் அடங்காத சத்தம். இன்ஜின் ஓடாவிட்டால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவருக்கு ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்துவிட்டது. கதவை மூடிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு மெல்ல உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

அவள் அவசரமாக முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணுமில்லப்பா. வந்துட்டேன். நீங்க ஏன் குளிர்ல..."

"தினமுமாம்மா?"

அவள் கழுத்துத் துண்டை மடியில் போட்டாள். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "வேலை செய்யற இடத்துல அழ முடியாதுப்பா. ஆஸ்பத்திரில அழுதா அவர் காதுல விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. வீட்டுல நீங்க இருக்கீங்க. நான் அழுதா நீங்க தாங்க மாட்டீங்க." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்ன அந்த ரெண்டு நிமிஷம்தாம்ப்பா எனக்குக் கிடைச்சது. அது கொஞ்சம் நீண்டு போயிடுது."

உதவி செய்கிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் அழுவதற்கு இருந்த ஒரே இடமான அவள் வீட்டையே பறித்துக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மனைவி இருந்தால் சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை எழுந்துவிடுவார் என்று சொல்லலாம். ஆனால் அது அவருக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லிப் பழக்கமும் இல்லை. எதிரே ஆவி படிந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீசல் வேற வீணாப் போகுது. கீழ்வீட்டுக்காரங்க ஏதாவது சொல்லியிருப்பாங்க. மன்னிச்சுக்குங்கப்பா" என்று அவள் சாவியைத் திருகக் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

காதைக் கொடுத்து இன்ஜினைக் கேட்டார். மெதுவாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டர்போ ஆறி எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியும்.

"இருக்கட்டும்மா" என்றார். "இன்னும் ஆறல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் சாய்ந்து, இந்தத் தடவை துண்டைக் கடிக்காமல் அழுதாள். கீழ்வீட்டு ஜன்னலில் திரை விலகி ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அவர் கண்ணாடியில் கையளவு துடைத்துவிட்டு, அந்த முகத்துக்கு இரண்டு விரலைக் காட்டினார்.