நாசகாரிக் கப்பலும் எங்கள் முன்னாள் தலைவர்களும்

பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. சாப்பாட்டுக்கு முன்னால் என் பேச்சு. சாப்பாட்டுக்குப் பின்னால் தலைவர் தேர்தல். தேர்தலில் நிற்பவள் என் மனைவி. அதுவரை சங்கத்தில் பெண்கள் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறார்கள், வடை சுட்டிருக்கிறார்கள். தலைவர் பதவிக்கு நின்றதில்லை. காரிலேயே எச்சரித்துவிட்டாள்.

“சங்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. ஓட்டு போச்சுன்னா உங்க வாயாலதான் போகும்.”

“வெள்ளைக்காரனோட பழைய கப்பலைப் பத்திப் பேசப் போறேன். அதுல யார் மனசு நோகப்போகுது?”

கப்பல் என்னிடம் வந்தது தள்ளுபடி விலையில். மகனுக்கென்று வாங்கிய, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரிட்டிஷ் கடற்படை கட்டிய நாசகாரிக் கப்பல். அவன் “போரிங், அப்பா” என்று நகர்ந்துவிட்டான். ஒட்ட உட்கார்ந்த நான் அதன் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாலுமி இல்லாத மரக்கலம் கரை சேராது என்பார்கள். இந்தக் கப்பலுக்கோ மாலுமிகளால்தான் ஆபத்து.

மேடையில் அதைத்தான் சொன்னேன். சண்டைக்காகக் கட்டிய கப்பல், சண்டை இல்லாத காலத்தில் தண்ணீரில் இறங்கியது. முதல் கேப்டன் மத்தியதரைக் கடலில் அதற்குப் புதுச் சாயம் பூசினார். அடுத்து வந்தவர், சாயம் சரியில்லை என்று சுரண்டிவிட்டு வேறு பூசினார். மூன்றாமவர், அட்மிரல் பார்வையிட வந்த அன்று, சல்யூட் அடித்த மும்முரத்தில் கப்பலைத் துறைமுகச் சுவரில் முட்டினார். குற்றம் சுவருடையது என்று அறிக்கையும் எழுதினார்.

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. கப்பலுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் பார்த்தேன், எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தன. அங்கே பொன்னாடையோடு மூன்று முன்னாள் தலைவர்கள். முதலாமவர் சங்கத்தின் லோகோவை மாற்றியவர். இரண்டாமவர் அந்த லோகோவையும் மாற்றியவர். மூன்றாமவர் சிறப்பு விருந்தினரை அழைத்துவிட்டு மண்டபத்தை புக் பண்ண மறந்தவர். குற்றம் மண்டபத்துக்காரர் மேல்.

மூன்றாமவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தபடி எழுந்தார். “யாரை ஜாடையா குத்துறீங்க?”

“சார், இவர் எப்பவோ செத்துப்போன கேப்டன் சார்.”

“கண்ணாடி போட்டவர்னு சொன்னீங்களே!”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“சொல்லலை. ஆனா நெனச்சீங்க!”

பின்வரிசையிலிருந்து ஒரு ஆன்ட்டி குரல் கொடுத்தார்: “எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம்!”

அதற்கு மேல் யார் பேச்சைக் கேட்பார்கள்? சாம்பார் வாசனையும் வந்துவிட்டது. நான் உண்மையில் சொல்ல வந்தது நாலாவது கேப்டனை. போர் வந்தபோது கப்பலின் பொறுப்பை ஏற்றவர். சாயம் உரிந்த கப்பலோடு போய், மூழ்கிய வேறொரு கப்பலின் ஆட்களைக் கடலிலிருந்து தூக்கி வந்தவர். எழுதி வைத்த தாளோடு அவர் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டார். மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் ஜெயித்தாள். அதுவும் அமோகமாக. “புருஷனை விட்டே மூணு பேரையும் கிழிச்சுட்டாங்கப்பா, என்ன தைரியம்!” என்று ஓட்டுக்கு முன்பே சாப்பாட்டு வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

புதுக் கமிட்டியின் முதல் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அலமாரியில் கப்பல் நிற்கிறது, நான் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தலைவர் தொண்டையைச் செருமினாள்.

“முதல்ல இந்த லோகோவை மாத்தணும். கலரே சரியில்லை.”

நான் அலமாரியில் இருந்த கப்பலைத் திரும்பிப் பார்த்தேன்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. அன்னிக்கு நாலாவது கேப்டன் கதையை முடிக்கலையேன்னு நெனச்சேன். அவர் சாயமே பூசலை.”

கமிட்டி மொத்தமும் காபிக் கோப்பைக்குள் பார்த்தது.

“யாரைச் சொல்றீங்க?” என்றாள் என் மனைவி.