தீப்பெட்டிக்குள் ஓர் எறும்பு

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் பதினோரு வருடமாக இடப்பக்க ஜன்னல் சீட்டுதான் எனக்கு. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். துவைத்த சட்டை போட்டிருந்தும் புருவத்தில் மட்டும் பாறைத்தூள் மிச்சமிருந்தது. இரண்டு ஸ்டாப்புக்கு ஒருமுறை ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

நான் எட்டிப் பார்த்ததும் நீட்டினார். உள்ளே ஓர் இலைத்துண்டு. அதன் நரம்பைக் கடித்தபடியே ஓர் எறும்பு செத்திருந்தது. அதன் பிடரியிலிருந்து நூல்போல ஒரு காளான் முளைத்திருந்தது.

“வயநாட்டுல போர் போடப் போனப்போ காட்டோரம் கெடைச்சதுங்க. தோட்டத்துக்காரர் சொன்னாரு, இந்தப் பூஞ்சை எறும்பு ஒடம்புக்குள்ள பூந்துக்குமாம். அப்பறம் அது இழுத்த எடத்துக்கு எறும்பு ஏறிப் போயி, இலையக் கடிச்சுட்டே சாகுமாம்.”

“ஐயோ, இதை எதுக்குங்க வீட்டுக்குக் கொண்டு போறீங்க?”

“ஊட்டுக்காரிகிட்டக் காட்டத்தானுங்க. ரிக்குலருந்து போன் வந்தாப் போதும், பேய் புடிச்சாப்புல கெளம்பிப் போறேன்னு பேசறா. புடிச்சதுன்னா இப்படிங்க, திரும்பி வராது. நான்தான் ஊட்டுக்கு வந்தர்றனுங்களே!”

சிரித்துக்கொண்டே சங்ககிரியில் இறங்கிப் போனார்.

மறுநாள் பேருந்தில் ஏறியதும் நேராக என் சீட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தேன். பிடித்த கையைப் பார்த்ததும் இலையைக் கடித்திருந்த அந்த எறும்பு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து சங்ககிரி மலை முழுசாகத் தெரிந்தது. இப்போது தினமும் அங்கேதான். என்னை அங்கே உட்கார வைத்தது நானா, அவரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.